பாதிக் கிணறு

மலையடிவாரத்து ஆசிரமத்துக்குத் தலைவராக யார் வந்தாலும் அவருக்கு அண்ணன் என்றுதான் பெயர். அங்கே ஊழியம் செய்கிற பெண்கள் எல்லோரும் அக்கா. அதனால் ஐம்பத்தொன்பது வயது சுகிர்தம் டீச்சர், இப்போதைய தலைவரான நாற்பத்து நான்கு வயது தீத்துவை அண்ணே என்று கூப்பிடுவாள். அவர் அவளை அக்கா என்பார். புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். இரண்டு நாளில் அவர்களுக்கும் பழகிவிடும்.

தீத்து அண்ணன் பிரசங்கம் செய்வது குறைவு. கேள்வி கேட்டால் கையில் இருக்கிற வேலையை விடாமல் செய்துகொண்டிருப்பார். பதில் அந்த வேலைக்குள் எங்காவது இருக்கும் என்பதைச் சுகிர்தம் அவர் வந்த இந்தப் பதினோரு வருஷத்தில் கண்டுகொண்டிருந்தாள். சில நாள் இருக்காது என்பதையும்.

அன்று மோட்டார் காயில் எரிந்துபோயிருந்தது. அண்ணன் பழைய ராட்டினத்தைத் தேடி எடுத்துக் கிணற்றில் மாட்டி, கயிறும் வாளியுமாகத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். சுகிர்தம் தொட்டி ஓரமாகப் போய் நின்றாள்.

“அண்ணே, ஒரு கதையை எந்த இடத்துல நிறுத்தணும்?”

“எந்தக் கதை?”

“நம்ம வில்லியம்ஸ் கதைதான்.”

ஆசிரமத்தைத் தொடங்கியவர்களின் சபை, ரோஜர் வில்லியம்ஸ் என்ற போதகரைத் தன் மூதாதை என்று சொல்லிக்கொள்ளும் சபை. அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் என்ற குடியேற்றத்தை ஆரம்பித்தவர் அவர். கிட்டத்தட்ட நானூறு வருஷத்துக்கு முந்தைய சங்கதி. மார்ச் மாதம் தோறும் ஆசிரமப் பள்ளிப் பிள்ளைகள் அந்தக் கதையை நாடகமாகப் போடுவார்கள். இருபத்தாறு வருஷமாகச் சொல்லிக்கொடுப்பது சுகிர்தம்தான்.

“வெள்ளிக்கிழமை நாடகம். நான் அதை நிறுத்திடலாம்னு பார்க்கிறேன்.”

“ரூத்தக்கா சந்தோஷப்படுவாங்க,” என்றார் அண்ணன்.

சமையற்கட்டு ரூத்துக்கு அந்த நாடகம் என்றாலே கேலி. வெயில் மண்டையைப் பிளக்கும்போது தலையணைப் பஞ்சை வாரியிறைத்துப் பனி என்பார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு பையன் நடுங்குவான். “உங்க வில்லியம்ஸ் குளிர்ல சாகமாட்டாரு டீச்சரம்மா, வேர்த்தே செத்துடுவாரு,” என்பாள்.

சுகிர்தம் சிரிக்கவில்லை. அண்ணன் அதைக் கவனித்தார்.

“எனக்கு வருஷா வருஷம் கடைசி வரிசைதான் அக்கா. பாதி காதுல விழாது. இன்னைக்குப் பக்கத்துல இருந்து சொல்லுங்க, கேக்கிறேன்.”

வாளியை உள்ளே விட்டார். சுகிர்தம் சொன்னாள்.

“இந்த நாட்டைத் தானம் கொடுக்க இங்கிலாந்து ராஜா யாரு, இது ஏற்கெனவே இங்க இருக்கிறவங்க நிலம்னு சொன்னாரு. மனசாட்சிக்கு மேல எந்த அதிகாரியும் கிடையாதுன்னாரு. கோர்ட்டு அவரை ஊரைவிட்டுத் தள்ளிடுச்சு. பிடிச்சுக் கப்பல்ல ஏத்த வராங்கன்னு தெரிஞ்சதும், கொட்டுற பனியில வீட்டை விட்டுக் கிளம்பிட்டாரு. பூர்வகுடி ஜனங்க தங்க குடிசையில இடம் கொடுத்தாங்க. பசிக்குச் சோறு போட்டாங்க. அவங்க பாஷை அவருக்குத் தெரியும், அவங்க மாதிரியே பேசினாரு. பனி உருகினதும் படகுல ஆத்தைக் கடந்தாரு. கரையில ஒரு பாறை. அது மேல நின்ன பூர்வகுடி ஆள் கையைத் தூக்கி, ‘நண்பா, சுகமா?’ன்னு கேட்டான்னு சொல்வாங்க. அந்தக் கரையிலதான் ஊர் உண்டாச்சு.”

நிறுத்தினாள். இருபத்தாறு வருஷமும் அங்கேதான் நிறுத்தியிருக்கிறாள். அந்த ‘சுகமா’வில் ஒவ்வொரு தடவையும் அவளுக்குக் கண் கலங்கும்.

ராட்டினச் சத்தமும் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தாள். வாளி பாதிக் கிணற்றில் தொங்கி, மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணன் கயிற்றை இறுகப் பிடித்தபடி நின்றார்.

“தூக்குங்கண்ணே.”

“கதை நிக்குதே.”

“முடிஞ்சுபோச்சு.”

“முடிஞ்சதுக்கா நாடகத்தை நிறுத்தப் பார்க்கிறீங்க?”

அவர் முன்கையில் நரம்பு புடைத்தது. சுகிர்தம் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“போன மாசம் ஒரு பெட்டி பழைய புத்தகம் வந்துச்சுல்ல, அதுல படிச்சேன். நாற்பது வருஷம் கழிச்சுச் சண்டை வந்திருக்கு. பூர்வகுடிங்க ஊரைக் கொளுத்தியிருக்காங்க. அவர் வீடும் போச்சு. சண்டையில தோத்து அகப்பட்டவங்களை வெள்ளைக்காரங்க வேலைக்கு வித்தாங்க. எந்த வயசுக்காரங்க எது வரைக்கும் உழைக்கணும்னு ஒரு காகிதம் எழுதினாங்க. அதுல கையெழுத்துப் போட்டவங்கள்ல இவரும் ஒருத்தர்.”

கயிறு நகரவில்லை.

“பத்துக்கு மேல பதினஞ்சு வரைக்கும் இருக்கிற பிள்ளைங்க, இருபத்தேழு வயசு வரைக்கும்,” என்றாள். “கன்னியம்மாவுக்குப் பதினொண்ணு அண்ணே.”

ராட்டினம் கிறீச்சிட்டது. வாளி மேலே வந்தது. அண்ணன் தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட்டு உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

கன்னியம்மா இருளர் வீட்டுப் பெண். இரண்டு வருஷத்துக்கு முன் ஓர் அரிசி ஆலைக்குள் கொத்தடிமைகளாக அடைபட்டுக் கிடந்த ஒன்பது குடும்பங்களை அதிகாரிகள் மீட்டு வந்தார்கள். அதில் அவள் குடும்பமும் ஒன்று. இந்த வருஷ நாடகத்தில் பாறைமேல் நின்று ‘நண்பா, சுகமா?’ என்று கேட்கப்போகிறவள் அவள்தான். நேற்று ஒத்திகை முடிந்ததும் டீச்சரின் முந்தானையைப் பிடித்து, அப்புறம் என்னாச்சு என்று கேட்டாள். எல்லாரும் நல்லா இருந்தாங்க என்று சொல்லிவிட்டுச் சுகிர்தம் பஞ்சு பொறுக்கப் போய்விட்டாள்.

“உங்ககிட்டச் சொல்லலாம் அண்ணே. அந்தப் பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது? ஆசையா வசனம் பேசுது. மனசு ஒடிஞ்சிடும். அதுக்கு நாடகமே வேணாம்னு...”

“அண்ணே!” என்று குரல் கேட்டது. கன்னியம்மாவே வந்துகொண்டிருந்தாள், இடுப்பில் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடத்தோடு. “ரூத்தக்கா கத்துது. அரிசி களைஞ்சு வெச்சாச்சாம், தண்ணி ஆகாசத்திலிருந்து வரணுமான்னு கேக்குது.”

“வருது, வருது. கன்னியம்மா, உங்க மில்லு மொதலாளி எப்பிடிப்பட்ட ஆளு?”

“அண்ணே,” என்றாள் சுகிர்தம் பதறி.

கன்னியம்மா பதறவில்லை. குடத்தை இறக்கிக் கீழே வைத்தாள். மோவாயைச் சொறிந்து யோசித்தாள்.

“தீவாளிக்குத் துணி எடுத்துக் குடுப்பாரு. எனக்குச் செவப்புப் பாவாடை, கரையெல்லாம் ஜிகினா. காச்சல்னா மாத்திர வாங்கியாருவாரு. எங்க ஆயாவுக்குக் கண்ணு தெரியலன்னு டவுனுக்குக் கார்ல இட்டுனு போனாரு. கேட்டுக்கு வெளிய மட்டும் உட மாட்டாரு. எங்க மாமன் ஒருவாட்டி செவுரு ஏறிக் குதிச்சுது. கால்லயே அடிச்சாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் அவரே மருந்து போட்டு உட்டாரு.” கொஞ்சம் நிறுத்தி, “அந்தப் பாவாடையத்தான் போட்டுக்கினு ஜீப்புல ஏறினேன். வேற நல்லது இல்ல,” என்றாள்.

சுகிர்தத்துக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. “அவர் நல்லவரா, கெட்டவரா கண்ணு?”

கன்னியம்மா டீச்சரை விநோதமாகப் பார்த்தாள். இவ்வளவு படித்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற பார்வை.

“மொதலாளி, டீச்சர்.”

ஒரு மைனா தொட்டி விளிம்பில் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போயிற்று.

“டீச்சர்,” என்றாள் கன்னியம்மா. “அந்தப் பாறை மேல நின்ன ஆளு. அவன என்னா பண்ணாரு அந்த வெள்ளக்காரரு, கடைசில?”

“நேத்தே சொன்னேனே...”

“சொல்றப்போ என் மூஞ்சிய நீங்க பாக்கவே இல்ல.”

சுகிர்தம் வழக்கம்போல் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

அவர் வாளியை மறுபடி உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். அது தண்ணீரைத் தொட்டுச் சாய்ந்து நிறைகிற சத்தம் கேட்டது. மேலே இழுக்காமல், ஈரக் கயிற்றைக் கொண்டுவந்து சுகிர்தத்தின் கையில் வைத்தார்.

“பிள்ளை காலிக் குடத்தோட நிக்குது அக்கா,” என்றார்.