ஏணி தள்ளியவள் கண்ட பிழை

விமானிகள் பழகும் சிமுலேட்டர்களுக்குக் கணினியில் விமானம் செய்து தரும் கம்பெனி ஒன்று பல்லாவரத்தில் இருந்தது. அந்த விமானங்களில் பிழை கண்டுபிடிக்கும் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். எஞ்சினியர்களுக்கு நடுவே பிலோமினாவும் வந்து நின்றாள். மீனம்பாக்கத்தில் பதினோரு வருஷம் விமானத்துக்கு ஏணி தள்ளியவள்.

தலைமை வடிவமைப்பாளர் சிவப்பிரகாசம் குஷன் நாற்காலியில் புதைந்தபடி அவளை நிற்க வைத்தே பேசினார்.

"ஏணி தள்ளினவளுக்கு இங்க என்னம்மா வேலை? திரையில நிக்குதே இந்த விமானம், ஆறு பைலட் ஓட்டிப் பார்த்துட்டு ஒரு குறை சொல்லலை. பத்து நிமிஷத்துல நீ ஒண்ணு சொல்லு, வேலை உனக்கு. இல்லேன்னா கிளம்பு."

"ஓட்டவே வேண்டாம் சார், நின்னபடியே இருக்கட்டும். உள்ள இருக்கிற நூத்தி எண்பது பேரையும் இறக்கிவிடுங்க."

அறையே சிரித்தது. சிவப்பிரகாசமும் சிரித்துக்கொண்டே பயணிகளின் எடையைப் பூஜ்யமாக்கினார். திரையில் விமானம் அப்படியே நின்றது.

"வாசல் உயரம் மாறலையே சார். ஆளுங்க இறங்க இறங்க நிஜ விமானம் நாலு விரக்கடை எழும்பும். ஏறினா அமுங்கும். அதனாலதான் ஏணியைக் கதவுக்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்துவோம். இல்லேன்னா கதவு ஏணிமேல உக்காந்துடும்."

"அவ்வளவு பெரிய விமானமா? கதை விடாதே."

"சந்தேகம்னா கொஞ்சம் எந்திரிங்க சார்."

எதற்கென்று யோசிக்காமல் எழுந்துவிட்டார். நசுங்கிக் கிடந்த குஷன் புஸ்ஸென்று உப்பி மேலே வந்தது.

"உங்க நாற்காலிக்கே தெரியுது சார்."

இந்த முறை அறை அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிவப்பிரகாசம் மறுபடி உட்காரவுமில்லை. நாற்காலியை அவள் பக்கம் உருட்டிவிட்டு, அடுத்த விமானத்தைத் திரையில் திறந்தார்.

பிலோமினா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.