தேன் பூசிய சுழி

குளத்தங்கரை நாவல் மரத்தடியில் கோமளி என்ற செவலைக் குதிரை நின்றிருந்தாள். இரண்டு கண்ணிலும் பூ விழுந்து அவளுக்குப் பார்வை போய்விட்டது. பக்கத்தில் அவள் பெற்ற குட்டி சிட்டாள். குட்டியின் முதுகில் உட்கார்ந்து பிடரி மயிரில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான் வாலப்பன் என்ற குரங்கு.

“ஆ! வலிக்குது மாமா!”

“வலிக்கத்தான் செய்யும்! வருசம் பூரா ஒட்டுப்புல்லுல உருண்டா, பூப்போலவா வார முடியும்? ஆடாம நில்லு!”

“அவளை வையாதேடா. குளம்பு நோண்டினியா? மேலுக்குத் தேய்ச்சியா?” என்று கேட்டாள் கோமளி.

“எல்லாம் ஆச்சுக்கா. உன் பொண்ணு இப்ப வெயில்ல நின்னா பார்க்கிறவன் கண்ணு கூசும்!”

மறுநாள் சுழி பார்க்கும் நாள். கோடை வருவதற்கு முன் குதிரைக் கூட்டம் காட்டைத் தாண்டி ஆற்றங்கரைப் புல்வெளிக்குப் போகும். போகும்முன் இளங்குட்டிகளை நிறுத்தி உடம்பு, நடை, சுழி எல்லாம் பார்ப்பார்கள். தேறிய குட்டி கூட்டத்தோடு போகலாம். தேறாத குட்டி இந்தக் குளத்து மேட்டிலேயே கிடக்க வேண்டியதுதான். கோடையில் குளம் வற்றிவிடும். சிறுத்தை இறங்கும். தனியாக ஒரு குட்டி என்ன செய்யும், பாவம்!

குதிரைகளே தீர்ப்புச் சொன்னால் வம்புதான். ஒவ்வொன்றும் தன் பிள்ளையைத்தான் ராசா என்னும். அதனால் அங்கம்மா என்ற யானையை அழைத்து வந்து பார்க்கச் சொல்வது வழக்கம்.

சுழி என்றால் உடம்பில் மயிர் சுழித்து நிற்கும் இடம். நெற்றியில் இருந்தால் கொண்டாடுவார்கள். சிட்டாளுக்கோ இடது கண்ணுக்குக் கீழே இருந்தது. அதற்குக் கண்ணீர்ச் சுழி என்று பெயர் வைத்து, ஆகாது என்று ஒதுக்கினார்கள். போதாக்குறைக்கு அவள் பிறந்த பிறகுதான் கோமளிக்குப் பார்வை போனது. கேட்க வேண்டுமா!

“பெத்தவ கண்ணையே குடிச்ச குட்டி!” என்று காடு முழுக்கச் சொல்லித் திரிந்தாள் வெள்ளச்சி என்ற குதிரை. அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது.

அதைக் கேட்ட நாளெல்லாம் கோமளி சும்மா இருக்க மாட்டாள். பொழுது சாய்ந்ததும் குட்டியைப் பக்கத்தில் இழுத்து, அந்தச் சுழியை எதிர்ப்பக்கமாக நக்கி நக்கிப் படிய வைக்கப் பார்ப்பாள். காய்ந்ததும் அது மறுபடி எழுந்துகொள்ளும்.

“வாலப்பா, நாளைக்கு ஒரு நாள் அது தெரியாம இருக்க வழி சொல்லுடா!” என்றாள்.

வாலப்பன் தலையைச் சொறிந்தான். “செம்மண்ணைக் குழைச்சுப் பூசினா உன் பொண்ணு நிறத்தோட நிறமாப் போயிரும்கா. ஆனா வெறும் மண்ணு காஞ்சா உதிரும். கொஞ்சம் தேன் கலந்து பூசிருவோம்!”

தேன் கலக்கும்போதே பாதியை விரலோடு நக்கிவிட்டான். அது வேறு விஷயம்.

இன்னொரு கவலையும் கோமளிக்கு இருந்தது. அம்மாவுக்கு முன்னால் நடந்து நடந்து சிட்டாளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. பள்ளமோ கல்லோ வந்தால் நின்று, முன்னங்காலால் தரையில் டொக் டொக் என்று தட்டுவாள். அந்தச் சத்தம் கேட்டால் கோமளியும் நின்றுவிடுவாள். பிறகு தோளை உரசியபடி சுற்றி வருவார்கள். கண் போன பிறகு கோமளி ஒரு தடவைகூட விழுந்ததில்லை. ஆனால் நடை பார்க்கும்போது பாதியில் நிற்கும் குதிரையை யார் தேற்றுவார்கள்?

“கண்ணு, நாளைக்கு நிக்கவும் கூடாது, தட்டவும் கூடாது. விறுவிறுன்னு நடந்து போயிரணும்.”

“நீ பின்னால வருவியேம்மா! விழுந்துட்டா?”

“நான் வரவே இல்லை தாயி. இந்த மரத்தடியிலேயே இருக்கேன்.”

“நீ இல்லைன்னா நான் யாருக்குத் தட்டப் போறேன்? போம்மா!” என்று சிரித்தாள் குட்டி.

விடிந்தது. நாவல் மரத்துக்கு எதிரே இருந்த மேட்டுப் புல்வெளியில் கனைப்பும் புழுதியுமாக ஒரே அமர்க்களம். வாலப்பன் நாவல் மர உச்சியில் ஏறிக்கொண்டு, கீழே நின்ற கோமளிக்கு நடப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

“அக்கா! சிட்டாள் வந்துட்டா! நாலு காலையும் சமமா ஊன்றி நிக்கிறா. கழுத்து என்ன கம்பீரம்! ஆனையம்மா சுத்தி வர்றாங்க… நடக்கச் சொல்லிட்டாங்கக்கா!”

“மண்ணு ஒட்டியிருக்கா?”

“ஒட்டியிருக்கு. ஆனா… ஈ மொய்க்குதுக்கா.”

“ஈயா?”

“தேனுல்ல! நான் அதை யோசிக்கலையே! தலையைத் தலையை ஆட்டுறா. ஐயோ!”

கோமளிக்கு இருப்புக் கொள்ளவில்லை. குட்டியின் குளம்புச் சத்தம் காதில் விழுந்தது. டக் டக் என்று தாளம் தப்பாமல் போகிறாள். எங்கேயும் நிற்கவில்லை. சந்தோஷமாக இருந்தது. அழுகையும் வந்தது. இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போய்க் கேட்டால் என்ன என்று ஓரடி வைத்தாள். அப்புறம் இன்னோரடி. மரத்தின் மேல் இருந்தவனோ புல்வெளியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தன்னை அறியாமல் கோமளி அந்தச் சத்தத்தின் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தாள்.

திடீரென்று குளம்புச் சத்தம் நின்றது.

டொக் டொக்!

கோமளி தூக்கிய காலை அப்படியே நிறுத்தினாள். ஊன்றிய முன்காலில் இடறிய கல்லொன்று உருண்டு போனது. அது எங்கேயோ ஆழத்தில் போய் விழும் சத்தம் நேரம் கழித்துத்தான் கேட்டது. மழையில் இடிந்து உள்வாங்கிய பெரும்பள்ளத்தின் விளிம்பு அது.

“அம்மா! அசையாதே! நான் வர்றேன்!”

நடந்து திரும்பும்போது அம்மாவைக் கண்டுவிட்ட சிட்டாள், பள்ளத்தைச் சுற்றி ஓடிவந்து தோளோடு தோளை உரசினாள். பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போய், நல்ல தரையில் கொண்டு நிறுத்தினாள்.

“ஏம்மா வந்தே? தட்ட மாட்டேன்னு உனக்குச் சொன்னேனே! இப்படித் தட்ட வைச்சுட்டியே!” என்று குட்டி தேம்பினாள்.

வெள்ளச்சி ஓவென்று சிரித்தாள். “பார்த்தீங்களா ஆனையம்மா! பாதியிலே நிக்குது! இது ஒரு நடையா?”

அங்கம்மா அசைந்து அசைந்து வந்தாள். தும்பிக்கையால் சிட்டாளின் முகத்தைத் தடவினாள். “தேன் வாசனை வருதே! யார் வேலை இது?”

கோமளி குட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். “நான்தான் பூசச் சொன்னேன் ஆனையம்மா. இவ மேல தப்பில்லை. இவ கண்ணுக்குக் கீழ சுழி இருக்கு. தள்ளணும்னா தள்ளிருங்க. ஆனா இவளைத் தனியா விட மாட்டேன். நானும் இங்கேயே கிடக்கிறேன்.”

யானை குளத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சி வந்து குட்டியின் முகத்தைக் கழுவினாள். சுழி பளிச்சென்று தெரிந்தது. கூட்டம் முணுமுணுத்தது.

“வெள்ளச்சி, கோமளி பள்ளத்தை நோக்கிப் போனதை நீ பார்க்கலையா? உனக்கு முன்னாலதானே போனா?” என்று கேட்டாள் அங்கம்மா.

“நான்… குட்டியைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்.”

“என்ன பார்த்தே?”

“மண்ணு எப்ப உதிரும், சுழி எப்பத் தெரியும்னு…”

“நீ மட்டுமா? நானும் சுழியைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். எல்லாருக்கும் ரெண்டு கண்ணு இருந்தும் பள்ளம் கண்ணுல படலை. நமக்கு வெட்கமா இல்லை?”

வெள்ளச்சி தலையைத் தொங்கப் போட்டாள்.

“ஆத்தங்கரைக்குப் போற வழியெல்லாம் பள்ளமும் பாறையும். வயசானவங்க இருக்கீங்க, பால்குடி மறக்காத குட்டிங்க இருக்கு. பின்னால வர்றவங்களுக்காக நின்னு தட்டுற குதிரைதான் முன்னால போகணும். இந்த வருசம் கூட்டத்துக்கு முன்னால சிட்டாள் நடக்கட்டும்!” என்றாள் அங்கம்மா.

வாலப்பன் மரத்திலிருந்து குட்டிக்கரணம் போட்டு இறங்கினான். “நான் சிக்கெடுத்த குட்டி! நான் சிக்கெடுத்த குட்டி!” என்று கத்திக்கொண்டே ஓடினான். தேன் பேச்சை மட்டும் அவன் எடுக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் கோமளி குட்டியின் முகத்தை நக்கிக்கொடுத்தாள். சுழியிடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு அது எந்தப் பக்கம் சுழித்திருந்ததோ அந்தப் பக்கமாகவே, மெதுவாக நக்கினாள்.

“கூசுதும்மா!” என்றாள் சிட்டாள்.

“கூசட்டும். எத்தனை நாள் இதைப் பகையாளியா நினைச்சிருப்பேன்!” என்றாள் கோமளி.

மறுநாள் கூட்டம் புறப்பட்டது. வழியில் ஓரிடத்தில் டொக் டொக் என்று சத்தம் கேட்டது. கோமளி நின்றாள். அவளுக்குப் பின்னால் எல்லாக் குதிரைகளும் நின்றன. எல்லோருக்கும் கடைசியில் வந்த வெள்ளச்சி, தன் பின்னால் யாரும் இல்லாதபோதும், காலைத் தூக்கித் தரையில் மெதுவாகத் தட்டினாள்.

பிள்ளைகளே, ஒருவரின் உடம்பில் என்ன குறை என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். அடுத்தவர் விழாமல் இருக்க யார் நிற்கிறார்களோ அவர்களே உயர்ந்தவர்கள்.