முறுக்கு டப்பாவில் போன்

விருதுநகர் மசாலாக் கம்பெனி ஒன்றில் கோதண்டபாணி என்றொரு மேனேஜர். ஆபீஸில் யார் கையிலும் போன் இருக்கக் கூடாது, வந்ததும் முறுக்கு டப்பாவில் போட்டுவிட வேண்டும் என்றார். ஆனால் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் போடும் உத்தரவுக்கு ஒரு நிமிஷத்தில் பதில் வராவிட்டால் மெமோவாம்!

மறுநாள் உத்தரவு போட்டார். டைப்பிஸ்ட் பாக்கியத்தாயிடமிருந்து மட்டும் உடனே பதில் வந்தது: "சரிங்க சார்."

கையில் போனோடு பாய்ந்து வந்தார். "போனை எங்கேம்மா ஒளிச்சு வச்சிருக்கே? கையில போன் வச்சிருக்கிறது யாரா இருந்தாலும் மெமோ! மெமோவை நீயே டைப் அடி!"

"என் போன் டப்பாவிலதான் சார் இருக்கு," என்று மானிட்டரைத் திருப்பிக் காட்டினாள். வாட்ஸ்அப்பைக் கம்ப்யூட்டரிலேயே ஓடவிட்டிருந்தாள்.

ஆபீஸே மேனேஜர் கையைப் பார்த்தது.

"மெமோவை இப்பவே அடிச்சிடுறேன். உங்க இனிஷியல் என்ன சார்?"