எல்லோரும் முழந்தாளிட்டபோது

நிரூபன் டொராண்டோவில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. எல்லை தாண்டிப் போய் அமெரிக்கக் கால்பந்து ஆடினான். கால்பந்து என்று பேர்தான், ஐயா! பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுகிறவனை மோதி விழுத்துவதுதான் அதில் பாதி ஆட்டம். அந்த வித்தையை அவனுக்குப் பழக்கியவர் அணியின் பயிற்சியாளர்களில் ஒருவரான தியோகுப்பிள்ளை மாஸ்டர்.

அந்த வருடம் அவர்களுடைய அணியை ஒருவரும் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. தொடக்கத்தில் தோல்விக்கு மேல் தோல்வி. பத்திரிகைக்காரர்கள் கிழி கிழி என்று கிழித்தார்கள். பிறகு என்ன வேகம் பிடித்ததோ, வென்றார்கள், வென்றுகொண்டே இருந்தார்கள். கடைசியில் கிண்ணத்தையும் தூக்கினார்கள்.

அரையிறுதியில் வெற்றியைத் தேடித் தந்தவன் நிரூபன்தான். டெரெல் என்ற எதிரணிக்காரனை மோதி விழுத்தினான். பந்து தெறித்து ஓடியது. அரங்கமே அதிர்ந்தது. நிரூபன் கூட்டத்தைப் பார்த்துக் கைகளை விரித்து ஆடினான்.

அந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. விழுந்தவன் எழும்பவில்லை என்றால் இரண்டு அணிகளும் ஒற்றை முழந்தாளில் நின்று காத்திருக்கும். அன்றைக்கும் அப்படித்தான் நின்றார்கள். முதுகைக் காட்டி ஆடிக்கொண்டிருந்த நிரூபனுக்கு மட்டும் அது தெரியவில்லை. கூட்டம் அடங்கிய பிறகுதான் திரும்பிப் பார்த்தான். பாவி, அதற்குள் ஊர் உலகமெல்லாம் பார்த்துவிட்டது.

டெரெலுக்குக் கழுத்துக்குக் கீழே இனி ஒன்றும் அசையாது என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள்.

வெற்றி ஊர்வலத்தில் நிரூபனும் லொறியில் ஏறினான், சிரித்தான், கையசைத்தான். உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தான். கோடையில் வீரர்களுக்கெல்லாம் வெற்றி மோதிரம் கொடுத்தார்கள். அதை வாங்கிய கையோடு மாஸ்டரின் வீட்டுக்குப் போனான். மாஸ்டர் சமையலறை மேசையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“மாஸ்டர், நான் சட்டப்படிதானே விழுத்தினனான்?”

“ஓம்.”

“வேணுமெண்டு செய்யேல்லை.”

“எனக்குத் தெரியும்.”

“பிறகேன் எனக்கு மனம் ஆறுதில்லை?”

“அவன் விழுந்து கிடக்க நீ கை விரிச்சு ஆடினாய், மோனை. நானும் ஓரத்திலை நிண்டு கைதட்டினனான்.”

நிரூபன் மோதிரத்தைக் கழற்றினான்.

“நான் டெரெலைப் போய்ப் பாக்கப் போறன், மாஸ்டர். இதை அவனிட்டைக் குடுக்கப் போறன்.”

மாஸ்டர் மோதிரத்தை வாங்கி மேசையில் வைத்தார். நிரூபனின் இரண்டு மணிக்கட்டுகளையும் மேசையோடு அழுத்திப் பிடித்தார்.

“கையை அசைக்காமல் எடு, பாப்பம்.”

நிரூபன் மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு பெரிய ஆள், தோள் குலுங்க அழுதான். மாஸ்டர் பிடியை விட்டார். அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது.

“மோதிரம் வேண்டாம். மன்னிப்பு மட்டும் கேக்கிறன்.”

“அவனிட்டை இருந்ததெல்லாம் போயிட்டுது. மன்னிப்பையும் அவன்தான் தரவேணுமோ?”

“அப்ப நான் என்னத்துக்குப் போறது, மாஸ்டர்?”

“போன கிழமை அங்கை போனனான். மூண்டு நேரமும் தாய்தான் அவனுக்கு ஊட்டி விடுறா. அவவுக்குக் கை நோகுது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் போ.”