பன்றித் தலைமேல் வைத்த கை

கடல்கூட உறைந்துபோகும் வடக்கில் ஸ்கால்விக் என்று ஓர் ஊர். அங்கே வேமுண்ட் என்று ஒரு வீரன். வீரன் என்பது அவனாகச் சொல்லிக்கொண்டது. அவன் வருகிறான் என்று தெரிந்தால் பெண்கள் முதல் வேலையாகப் பானையைத் தூக்கி உள்ளே வைத்துவிடுவார்கள்.

ஆள் மலை மாதிரி இருப்பான். ஒரு முழு ஆட்டை உட்கார்ந்த இடத்தில் முடித்துவிட்டு, "பசிக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்பான். தின்னாத நேரத்தில் அந்த வாய் பேசும். கடல் பாம்பின் கழுத்தைத் திருகினேன், ஓநாய்க் கூட்டத்தை ஒற்றை ஆளாக விரட்டினேன் என்று அளந்து விடுவான். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான். அதுவரை யாருக்கும் நஷ்டமில்லை.

நஷ்டம் ஒரு குளிர்கால விருந்தில் வந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம். விருந்தன்று ஒரு காட்டுப்பன்றியை முழுசாக நெருப்பில் வாட்டி மண்டபத்தின் நடுவில் வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் எழுந்து, பன்றியின் தலைமேல் கை வைத்து, அந்த வருடம் தான் செய்த காரியத்தைச் சொல்லலாம். பெரிய காரியம் செய்தவனுக்குத் தொடைக்கறி. பன்றி தேவர்களுக்குப் படைத்தது என்பதால், அதன் தலைமேல் கை வைத்துச் சொன்னதை யாரும் சந்தேகப்படக் கூடாது. சந்தேகப்பட்டால் தேவர்களையே சந்தேகப்பட்ட மாதிரி. மற்ற நாட்களில் வாய்க்கு வந்தபடி புளுகுகிறவன்கூட அந்த இடத்தில் அடக்கி வாசிப்பான்.

ஊருக்குப் பின்னால் மலை, மலைக்கு நடுவே ஒரு கணவாய். கணவாயில் ஒரு பனி அரக்கன் இருந்தான். அதனால் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊருக்குப் போகிறவர்கள் படகில் கடலைச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள்.

அரக்கனைத் தீர்த்துவிட்டு வருகிறேன் என்று அந்த வருடம் வேமுண்ட் கோடரியோடு கிளம்பிப் போனான். மேலே ஏறியும் விட்டான். அரக்கன் முதுகைக் காட்டி உட்கார்ந்து எதையோ எலும்போடு கடித்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் போதும். வேமுண்ட் கோடரியைப் போட்டுவிட்டுத் தலைதெறிக்க ஓடிவந்தான். ஓடிவந்ததை யாரிடமும் சொல்லவில்லை. அதோடு விட்டிருக்கலாம்.

விருந்தில் எய்னார் என்ற மீனவன் எழுந்து, திமிங்கிலம் பிடித்த கதையைச் சொன்னான். நிஜமாகவே பிடித்தவன். தொடைக்கறி கொழுப்புச் சொட்டச் சொட்ட அவன் பக்கம் நகர்ந்தது. வேமுண்டுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய்ப் பன்றித் தலைமேல் கையை வைத்தான்.

"கணவாய் அரக்கன் செத்துட்டான். நான்தான் கொன்னேன்."

மண்டபமே எழுந்து நின்றது. தொடைக்கறி திரும்பி இவன் பக்கம் வந்தது. அந்தக் கறிக்காகத்தான் சொன்னான். வேறு எந்தக் காரணமும் இல்லை. இருந்தால் சொல்லிவிடலாம்.

அதன் பிறகு ஒவ்வொரு விருந்திலும் அதே கதை. கோடரியால் கொன்றவன் அடுத்த வருடம் வெறுங்கையால் கொன்றான். அதற்கடுத்த வருடம் அரக்கனின் ஈரலைச் சுட்டுத் தின்றான். ஊர் ஒவ்வொரு வருடமும் எழுந்து நின்றது.

ஊர் கணவாய் வழியாகப் போகவும் ஆரம்பித்தது. சிலர் போய்ச் சேர்ந்தார்கள், சிலர் சேரவில்லை. சேராதவர்கள் தெற்கே வியாபாரத்துக்குப் போயிருப்பார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அரக்கன்தான் செத்துவிட்டானே.

வேமுண்டுக்கு ஒரே மகள், சிக்னி. தாயில்லாப் பெண். அப்பன் சொன்ன கடல் பாம்பையும் ஓநாயையும் ஊரில் யாருமே நம்பாதபோதும் அவள் நம்பினாள். அவளை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊரில் கட்டிக்கொடுத்திருந்தான். பிறந்த வீட்டுக்கு வந்திருந்தவள், அப்படி ஒரு விருந்து நடந்துகொண்டிருக்கும்போதே மூட்டையோடு வந்து நின்றாள்.

"அப்பா, கடல் உறைஞ்சுடுச்சு, படகு போகாதாம். நான் கணவாய் வழியாவே போயிடறேன்."

வாய் நிறையக் கறி. சுற்றிலும் ஆட்கள், எல்லார் கண்ணும் அவன்மேல். ஒரு வாய்க் கறியை மென்று விழுங்குகிற நேரம் அவனுக்கு இருந்தது. யோசிக்க அது போதும். யோசிக்கவும் செய்தான்.

"போம்மா. என் பொண்ணுக்கு என்ன பயம்?" என்றான்.

எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். சிக்னி சிரித்துக்கொண்டே போனாள். போய்ச் சேரவில்லை.

ஊர் தேடவும் இல்லை. புருஷனைப் பிடிக்காமல் எவனோடோ ஓடிவிட்டாள் என்றார்கள். அரக்கன் இல்லாத கணவாயில் ஒருத்தி காணாமல் போனால் வேறு என்ன சொல்வார்கள்? புருஷனும் அதையே நம்பி இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். மகளைப் பற்றிக் காதுபட அப்படிப் பேசும்போது வேமுண்ட் தலையைக் குனிந்து தின்றுகொண்டிருந்தான்.

செத்தவர்களுக்கு அந்த ஊரில் பெயர்க்கல் நடுவார்கள். பெயரும் செத்த விதமும் அதில் இருக்கும். கல் இல்லாதவர்கள் செத்த பிறகும் தேவர்களின் மண்டபத்துக்குள் போக முடியாமல் வாசலில் குளிரில் நிற்பார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. ஓடிப்போனவளுக்கு யார் கல் நடுவார்கள்?

அன்றிலிருந்து வேமுண்டுக்குப் பசி அடங்கவில்லை. எவ்வளவு தின்றாலும் நெஞ்சுக்குக் கீழே ஒரு பள்ளம் அப்படியே இருந்தது.

மலையடிவாரத்தில் ஆஸ்தா இருந்தாள். ஒரு காலத்தில் வாளெடுத்துப் போருக்குப் போனவள். இப்போது ஊருக்குப் பெயர்க்கல் செதுக்குகிறவள். மனசு சரியில்லாதவர்கள் அவளிடம் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவார்கள். வேமுண்ட் அவளைவிட வயதில் ரொம்ப மூத்தவன். இருந்தாலும் வாசலில் போய் நின்று, "அம்மா" என்று கூப்பிட்டான்.

"என்ன வேணும்?"

"உங்ககிட்ட சீடனா இருக்கணும். என் பசி அடங்கணும்."

ஆஸ்தா அவன் வயிற்றைப் பார்த்தாள்.

"அவ்வளவுதானா?"

"என் பொண்ணுக்கு ஒரு கல்லு வேணும்" என்றான்.

"கல்லு இருக்கு. எப்படிச் செத்தா?"

அடுப்பில் வாற்கோதுமைக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. ஆஸ்தா கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் காலடியில் ஒரு கிழட்டு நாய். வேமுண்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான்.

"அன்னிக்கு ஒரு புயல் அடிச்சுது பாருங்க, அந்த மாதிரிப் புயல்..."

ஆஸ்தா ஒரு கரண்டிக் கஞ்சியை எடுத்து நாயின் தட்டில் ஊற்றினாள்.

"நான் அரக்கனைக் கொன்னுபோட்ட அதே இடத்துல..."

இன்னொரு கரண்டி, அதுவும் நாய்க்கு.

"அரக்கனுக்கு ஒரு தம்பி இருந்திருக்கணும்."

பானையில் மிச்சம் இருந்ததும் நாய்க்கே போனது. வேமுண்ட் அன்று பட்டினி படுத்தான்.

இப்படியே குளிர்காலம் போனது. விறகு பிளந்தான், பனியை உருக்கித் தண்ணீர் வைத்தான், கல் புரட்டினான். சாப்பாட்டு நேரத்தில் ஒரே கேள்விதான், எப்படிச் செத்தா? பொய்க்குக் கஞ்சி கிடையாது, காய்ந்த ரொட்டித் துண்டுதான். நாய் பெருத்தது. வேமுண்டின் கச்சை தொளதொளத்துப்போனது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டான்.

"நான் சொல்றது பொய்யுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க அங்க இருந்தீங்களா?"

"எனக்குத் தெரியாது" என்றாள் ஆஸ்தா. "நாய்க்குத் தெரியுது. நீ ஆரம்பிக்கும்போதே வாலாட்டுது."

குனிந்து பார்த்தான். அது வாலாட்டிக்கொண்டுதான் இருந்தது.

பனி உருகிக் கோடை வந்தது. கோடை போய் மறுபடியும் குளிர் தொடங்கிய ஒரு மத்தியானம், ஆஸ்தா கேட்பதற்கு முன்னாலேயே அவன் பேசினான்.

"நான் அரக்கனைக் கொல்லலை. பார்த்துட்டு ஓடிவந்துட்டேன்."

கரண்டி பானைக்கு மேல் நின்றது. நாய் வாலை ஆட்டாமல் படுத்திருந்தது.

"சிக்னி என்கிட்ட வந்து கேட்டா. அவன் அங்கதான் இருக்கான்னு எனக்குத் தெரியும். சுத்தி எல்லாரும் பார்த்துக்கிட்டிருந்தாங்க. போன்னு சொல்லிட்டேன்."

ஆஸ்தா அவன் கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றினாள். அவன் அழுதுகொண்டே குடித்தான். குடித்து முடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டான். ஊற்றினாள்.

மறுநாள் உளியை எடுத்தாள். கல் முடிந்ததும் அதில் இருந்ததை அவனுக்குப் படித்துக் காட்டினாள். "சிக்னி. கணவாயில் அரக்கன் கையில் செத்தாள். அவன் இருப்பது தெரிந்தும் தகப்பன் அனுப்பினான்."

வேமுண்ட் வெகுநேரம் கல்லைத் தடவிக்கொண்டிருந்தான்.

"நட்டுடலாமா அம்மா?"

"செதுக்கறதுதான் என் வேலை. நடறது ஊரு. ஊர் கூடிக் கயிறு பிடிச்சாத்தான் அது பெயர்க்கல்லு. இல்லேன்னா வெறும் கல்லு."

"ஊர் நம்பணுமே."

"பொய்யை எங்க சொன்னியோ அங்கயே போய் இதையும் சொல்லு."

விருந்து நாள் வந்தது. மண்டபத்துக்குள் நுழைந்த வேமுண்டைப் பார்த்து எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். என்னய்யா இப்படி இளைச்சுட்டே என்றார்கள். அரக்கன் கதை, அரக்கன் கதை என்று கத்தினார்கள். அவன் நேராக நடந்துபோய்ப் பன்றித் தலைமேல் கையை வைத்தான். சூடாக இருந்தது. கையை எடுக்கவில்லை.

"அரக்கன் சாகலை. நான் அவனைத் தொடக்கூட இல்லை. என் பொண்ணு ஓடிப்போகலை. நான் போகச் சொல்லித்தான் போனா, போய்ச் செத்தா. அவளுக்கு ஒரு கல்லு செதுக்கி வச்சிருக்கு. வந்து கயிறு பிடிங்க."

எய்னார்தான் எழுந்து பக்கத்தில் வந்தான். தொடைக்கறியை இழந்த எய்னார். அவன் குரலில் நிஜமான பரிவு இருந்தது.

"வேமுண்ட், முன்னாடி இதே இடத்துல கை வச்சு ஒண்ணு சொன்னே. இப்போ வேற சொல்றே."

"முன்னாடி சொன்னது பொய்."

"பன்றித் தலைமேல யாரும் பொய் சொல்றதில்லை."

"நான் சொன்னேன். இப்போ சொல்றதுதான் நிஜம்."

"இதுவும் பொய் இல்லை. பெத்தவனோட துக்கம் உன்னை இப்படிப் பேசவைக்குது" என்று தோளில் தட்டினான் எய்னார்.

அப்போது தோர்வி என்கிறவள் எழுந்து வந்தாள். அவள் மகன் சிக்னிக்கு முந்தின வருடம் கணவாய் வழியாகப் போனவன். தெற்கே வியாபாரம் செய்கிறான், கோடைக்கு வந்துவிடுவான் என்று எல்லாரிடமும் சொல்வாள். அவனுக்காக ஒவ்வொரு குளிருக்கும் கம்பளிக் காலுறை பின்னி வைப்பாள். நேராக வந்து வேமுண்டின் முகத்துக்கு நேரே நின்றாள்.

"அரக்கன் உசிரோட இருந்தா, என் பிள்ளை எங்கே?"

வேமுண்ட் அவள் கண்ணைப் பார்க்காமல் பன்றியைப் பார்த்தான்.

"சொல்லு. என் பிள்ளை எங்கே?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. பன்றியின் தொடையைத் தன் கையாலேயே பிய்த்தெடுத்து அவன் கையில் வைத்து, விரல்களை அழுத்தி மூடினாள்.

"சாப்பிடு வேமுண்ட். சாப்பிட்டா எல்லாம் சரியாயிடும்."

ஒருவன் மேசையைத் தட்டினான், பிறகு எல்லாரும் தட்டினார்கள். எந்த வருடமும் அப்படித் தட்டியதில்லை.

மலையடிவாரத்தில் ஆஸ்தா கயிற்றுச் சுருளோடு கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். வேமுண்ட் வருவதைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் இருந்த பாதையையும் பார்த்தாள். பாதையில் யாரும் இல்லை.

அவன் கல்லைக் கட்டிக்கொண்டு தனியாகவே தூக்கப் பார்த்தான். கல் ஒரு சாண் எழும்பி மறுபடி விழுந்தது. பனியில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதான்.

"நம்பலை அம்மா. ஒருத்தர்கூட நம்பலை. என் பொண்ணு வெளியில குளிர்ல நின்னுக்கிட்டிருக்கா. உண்மையைச் சொல்றேன், கறியைக் கையில கொடுக்கறாங்க. என்ன ஜனங்க இவங்க? பாருங்க இதை!"

கச்சையில் செருகியிருந்ததை உருவி நீட்டினான். அதில் கறி இல்லை, எலும்புதான் இருந்தது. வழியில் எப்போது தின்றான் என்று அவனுக்கே தெரியவில்லை. நாய் வந்து அவனை முகர்ந்து பார்த்துவிட்டு வாலாட்டாமல் படுத்துக்கொண்டது.

ஆஸ்தா கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அத்தனை வருஷம் உன்னை நம்பினாங்களே, வேமுண்ட். அப்போ ஒரு நாளாவது இப்படி அழுதுகிட்டு வந்தியா?"