பட்டுக்கு ஏறிய விலை

தென்காசி ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப்போடும் பேச்சியம்மாள் சம்பள உயர்வு கேட்கும்போதெல்லாம் முதலாளி அண்ணாச்சி சொல்வது ஒன்றுதான்: “நானா தாரேன்? சேலை வாங்குறவங்கல்லா தாராங்க! அவங்க சரின்னா ஏத்துதேன்.”

ஒருநாள் கல்யாணப் பட்டெடுக்க வந்த ஓர் அம்மாள், “இதென்ன, இப்படி விலை ஏறிக்கிடக்கு?” என்றாள்.

அண்ணாச்சி குழைந்தார். “என்ன செய்ய? கடைப் பிள்ளைகளுக்குச் சம்பளம் ஏத்திட்டேன்லா!”

“அதுவும் சரிதான். நாள் பூரா நிக்குதுங்க, பாவம். பில்லைப் போடுங்க.”

பேச்சி கடையே அதிரக் கூவினாள். “எல்லாரும் ஓடியாங்க! அண்ணாச்சி சம்பளம் ஏத்திட்டாகளாம்!”

கடையில் வேலை செய்யும் பெண்கள் ஓடிவந்து அண்ணாச்சியைக் கும்பிட்டார்கள். பணம் எடுத்த அம்மாளின் கை அப்படியே நின்றது. “இவங்களுக்கே இப்பத்தான் தெரியுதா?”

அண்ணாச்சி அவசரமாகச் சிரித்தார். “இந்த மாசத்துலேருந்தும்மா... சாயங்காலம் சொல்லலாம்னு இருந்தேன்.”

அம்மாள் பணத்தைக் கொடுத்ததும், பேச்சி பட்டைப் பையில் வைத்து அவளிடம் நீட்டிவிட்டுத் திரும்பினாள். “வாங்குறவங்களே சரின்னுட்டாங்க, அண்ணாச்சி.”