வாசலில் குவித்த மண்

சடையன் ஒரு பெருச்சாளி. ஓடைக்கரைக் காட்டில் வளை தோண்டுவது அவன் தொழில். தனக்கு அல்ல, மற்றவர்களுக்கு. எலி கேட்டால் எலிக்கு, முயல் கேட்டால் முயலுக்கு. மேலே முதலாளி கிடையாது. பக்கத்தில் கூட்டாளி கிடையாது. வேலை நடந்தாலும் அவன்தான் பொறுப்பு, நடக்காவிட்டாலும் அவன்தான் பொறுப்பு.

அந்தப் பங்குனியில் சடையன் பயந்துபோயிருந்தான்.

மாசியில் அவன் தோண்டிக்கொடுத்த வளையில் ஓர் எலிக் குடும்பம் குடியேறியது. எட்டாம் நாள் அந்தப் பக்கம் போனவன் குரல் கொடுத்தான். பதில் இல்லை. உள்ளே தலையை நீட்டினான். ஒரு குளிர்ந்த நாற்றம் மட்டும் இருந்தது. பதினைந்து நாள் கழித்து இன்னொரு வளையும் காலி. இந்த முறை வாசலில் சாரைப்பாம்பின் சட்டை கிடந்தது, முழம் முழமாக.

சடையன் அந்தச் சட்டையை இழுத்துப்போய் முட்புதருக்குள் ஒளித்தான். கேட்டவர்களிடம், "எலிகளா? வேற காட்டுக்குப் போயிட்டாங்க" என்றான். உண்மை தெரிந்தால் நாளைக்கு எவன் அவனிடம் வளை கேட்டு வருவான்?

சாரை ஏன் தன் வளைகளைத் தேடியே வருகிறது என்பது அவனுக்குப் புரியவில்லை. வழியில் இருக்கும் மற்ற வளைகளையெல்லாம் தாண்டிக்கொண்டு வருகிறது.

இந்த நிலையில்தான் முயல் காதாயி வந்து நின்றாள். நிறைமாதம். போன முறை பெற்ற குட்டிகளைப் புல்தரையில் வைத்திருந்தாள். பருந்து ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. அதனால்தான் இந்த முறை வளை வேண்டும் என்று சடையனிடம் சொல்லியிருந்தாள்.

"சடையண்ணே, என் வீடு பாதியில நிக்குது. எனக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கு."

"முடிச்சுடலாம் தாயி."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க."

"நாளைக்கும் நாளன்னிக்கும் வளைக்காரங்க கூட்டம். போயிட்டு வந்து ஒரே மூச்சா முடிச்சுடறேன்."

"நீங்க கூட்டத்துல உட்கார்ந்தா இங்க வளை ஆழமாகுமா?"

அந்தப் பாதி வளைக்குள் தனியாக இறங்கச் சடையனுக்குப் பயமாக இருந்தது. கூட்டம் ஒரு சாக்கு.

வருஷத்துக்கு ஒருமுறை, வற்றிப்போன ஏரிக்குள் அந்தக் கூட்டம் கூடும். மண்ணைத் தோண்டிப் பிழைக்கிற எல்லாரும் வருவார்கள். முள்ளம்பன்றி, பெருச்சாளி, வயல் எலி, கரையில் பொந்து போடும் மீன்கொத்தி, நண்டு. ஆளுக்கு ஆள் ஒரு முடியோ இறகோ பிடுங்கிக் கொடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். "தேவைப்பட்டா தேடி வாங்க" என்று சொல்லிக் கொடுப்பார்கள். யாரும் தேடி வந்ததில்லை.

"தொழில் எப்படிப் போகுது?" என்று ஒருவன் கேட்பான்.

"ஓகோன்னு போகுது. உங்களுக்கு?"

"மூச்சு விட நேரம் இல்லை."

இதையே முப்பது பேர் முப்பது பேரிடம் சொன்னார்கள். சடையனும் சொன்னான்.

முதல் நாள் பாறை மேல் ஏறிப் பேசியவர் முள்ளம்பன்றி ராசப்பன். காட்டிலேயே பெரிய வளை அவருடையது.

"தோண்டுன மண்ணை ஒளிக்காதீங்க," என்றார் ராசப்பன். "வாசல்ல குவிங்க. போறவன் வர்றவன் கண்ணுல படணும். யார் தோண்டுனதுன்னு கேட்கணும். மேடு பெருசானா பேரும் பெருசாகும்."

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். போன வருஷமும் அவர் இதையேதான் பேசினார். போன வருஷமும் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அதைக் கேட்டுவிட்டுப் போய்த்தான் சடையன் மேடு போட ஆரம்பித்தான். அதற்கு முன் அவன் மண்ணைப் பற்றி யோசித்ததே இல்லை. கால் தள்ளிய பக்கம் சிதறிக் கிடக்கும்.

"யாருக்காவது ஏதாவது கேட்கணுமா?" என்றார் ராசப்பன்.

சடையன் தலையைத் தூக்கினான். கேட்டுவிடலாம். சாரை ஏன் என் வளைக்கே வருகிறது? ஒரே ஒரு கேள்வி. சுற்றிலும் பார்த்தான். அத்தனை முகமும் அவனைப் பார்ப்பது போல இருந்தது. எழுந்தேவிட்டான்.

"மேட்டை எவ்வளவு உயரம் வரைக்கும் குவிக்கலாம்?" என்று கேட்டான்.

"அருமையான கேள்வி," என்றார் ராசப்பன். பக்கத்தில் இருந்த வயல் எலி அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தது. சடையன் உட்கார்ந்தான்.

இரண்டாம் நாள் அவனால் கூட்டத்துக்குள் உட்கார முடியவில்லை. ஏரியின் ஓரத்தில் கொஞ்சம் ஈரச் சேறு மிச்சம் இருந்தது. அங்கே போனான். நண்டு வீராயி அங்கே தனியாகப் பாசியைக் கிள்ளித் தின்றுகொண்டிருந்தாள்.

"உட்காரணும்னா உட்காரு. நிழலைத் தட்டிப் பறிக்காதே," என்றாள்.

"தொழில் எப்படிப் போகுதுக்கா?"

"கேவலமா போகுது."

சடையன் திடுக்கிட்டான். இரண்டு நாளில் யாரும் இப்படிச் சொல்லிக் கேட்கவில்லை.

"தோண்டத் தோண்டச் சரியுது," என்றாள் வீராயி. "இந்த மாசம் மட்டும் மூணு. கடைசியில நானே உள்ள மாட்டிக்கிட்டேன். ஒரு கால் போச்சு, பாரு."

பார்த்தான். போய்த்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் சடையனின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"என் வளைக்குள்ள சாரை புகுந்துடுதுக்கா. ரெண்டு குடும்பம் போயிடுச்சு. நான் யார்கிட்டயும் சொல்லலை."

வீராயி தின்பதை நிறுத்தினாள். அய்யோ பாவம் என்று சொல்லவில்லை.

"தோண்டுற மண்ணை என்ன பண்றே?"

"வாசல்ல குவிக்கிறேன். ராசப்பண்ணன் சொன்ன மாதிரி."

"அவர் முதுகைப் பார்த்தியா? என்ன இருக்கு?"

"முள்."

"உன் எலி முதுகுல என்ன இருக்கு?"

"வெறும் முடிதான்."

"புது மண்ணு வாசம் எங்கேயோ இருக்கிற சாரைக்கும் போகும். மேட்டைப் பார்த்தா உள்ள புதுசா யாரோ குடிவந்திருக்காங்கன்னு அதுக்குத் தெரியாதா? மழைக்காலத்துல மேடு கரைஞ்சு போயிருக்கும், தப்பிச்சே. இப்ப வெயில். கரையுமா? ராசப்பனுக்கு என்ன, சாரை வந்தா முள்ளைச் சிலிர்த்துக்கிட்டு நிப்பாரு. அவர் சொன்னது அவருக்குச் சரி. நீ ஏன்டா கேட்டே?"

சடையனுக்கு இப்போது புரிந்தது. அந்த எலிகளின் வாசலைச் சாரைக்குக் காட்டிக்கொடுத்தது அவன்தான்.

"நான் தோண்டுற ஒவ்வொரு வாய் மண்ணையும் தண்ணியில கரைச்சுட்டுத்தான் அடுத்த வாய் எடுப்பேன். கொக்குக்குப் பயந்து," என்றாள் வீராயி. "இப்ப யாருக்குத் தோண்டிட்டிருக்கே?"

"காதாயின்னு ஒரு முயல். நாளன்னிக்குக் குட்டி போடப்போறா."

"வாசல்ல மேடு நிக்குதா?"

"என் தலைக்கு மேல நிக்குது."

"அப்புறம் இங்க என்னடா பண்றே?"

சடையன் எழுந்தான். நாலு அடி போய்த் திரும்பி வந்தான்.

"தாழம்புதருக்கு அடியில தோண்டுங்கக்கா. வேர் மண்ணைப் பிடிச்சுக்கும், சரியாது."

"இதை நேத்தே சொல்லியிருந்தா என்னவாம்?"

"நேத்து நீங்களும் கேட்கலையே."

"போ, போ," என்றாள் வீராயி.

மறுநாள் விடிந்ததும் வேலைக்குப் போயிருக்க வேண்டும். போனானா? இல்லை. கூட்டத்தில் வாங்கிவந்த முப்பத்திரண்டு முடியையும் இறகையும் தரையில் வரிசையாக வைத்தான். எது யாருடையது என்று யோசித்தான். ஒன்றும் நினைவில்லை. நகத்தைக் கல்லில் தேய்த்தான். பிறகு பல்லைத் தேய்த்தான். தன் வாசலைக் கூட்டினான். ஏன் வரவில்லை என்று அதட்ட ஆள் இல்லாதவனுக்கு இப்படி ஆயிரம் வேலை கிடைக்கும். உள்ளுக்குள் ஒரே பயம். அந்த மேட்டுப் பக்கம் போகவே கால் வரவில்லை.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அப்போதுதான் போனான்.

மேட்டைச் சுற்றி மணலில் ஒரு தடம். வளைந்து வளைந்து வந்திருந்தது. மேட்டை ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. வாசல் வரை போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தது. தடத்தின் ஓரத்தில் மணல் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.

காலியாக இருந்ததால் போயிருக்கிறது. மறுபடி வரும்.

சடையன் வாய் நிறைய மண்ணை அள்ளினான். ஓடைக்கு ஓடினான். தண்ணீரில் கரைத்தான். திரும்பி ஓடிவந்தான். மேட்டை நிமிர்ந்து பார்த்தால் மலைப்பாக இருந்தது. அதனால் பார்ப்பதை விட்டான். பத்து வாய் மண், பிறகு ஒருமுறை தலையைத் தூக்கிப் புதர்களைப் பார்ப்பது, மறுபடி பத்து. வேறு எதையும் நினைக்கவில்லை. மேட்டில் பாதி குறைந்ததும் வளைக்குள் இறங்கி மிச்சத்தைத் தோண்டினான். அந்த மண்ணும் ஓடைக்கே போனது.

காதாயி வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்தாள். வந்தவள் திகைத்து நின்றாள்.

"என் மேடு எங்க?"

"கரைச்சுட்டேன்."

"யாரைக் கேட்டுக் கரைச்சீங்க? என் நாத்தனா வீட்டு வாசல்ல எவ்வளவு பெரிய மேடு நிக்குது தெரியுமா? எனக்கு மட்டும் மொட்டை வாசலா?"

சடையன் வாயிலிருந்த மண்ணைத் துப்பினான். பொய் ஒன்று நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஈரமண், வழுக்கும் என்று சொல்லிவிடலாம். அவள் வயிற்றைப் பார்த்தான். பொய் வரவில்லை.

"அந்த எலிகள் வேற காட்டுக்குப் போகலை தாயி. சாரை தின்னுடுச்சு. ரெண்டு குடும்பத்தையும். நான் போட்ட மேட்டைப் பார்த்துதான் வந்திருக்கு. இங்கயும் இன்னிக்கு வந்துட்டுப் போயிருக்கு. அந்தா பாரு, தடம்."

காதாயியின் காதுகள் இரண்டும் தொங்கிவிட்டன.

"இது தெரிஞ்சும் என்னை உள்ள வச்சிருப்பீங்க, இல்லை?"

"முந்தாநாள் வரைக்கும் வச்சிருப்பேன்."

அவள் தடத்தின் பக்கம் போய் முகர்ந்து பார்த்தாள். போய்விடுவாள் என்றுதான் சடையன் நினைத்தான். போனால் புல்தரை. புல்தரைக்கு மேல் பருந்து.

"இன்னும் எத்தனை வாய் இருக்கு?" என்றாள்.

"நூறு இருக்கும்."

காதாயி திரும்பி நின்று பின்னங்கால்களால் மண்ணை ஓடைப்பக்கம் எத்தித் தள்ள ஆரம்பித்தாள்.

வெயில் சாயும் நேரம் மேடு இருந்த இடம் வெறும் தரையாக இருந்தது. மக்கிய சருகைப் பரப்பினார்கள். வாசல் மேலும் சருகை இழுத்துப் போட்டார்கள். போட்டு முடிக்கவும் தவிட்டுக்குருவிகள் புதருக்குள் கூச்சல் போடவும் சரியாக இருந்தது. தரையில் பாம்பைக் கண்டால்தான் அவை அப்படிக் கத்தும்.

"உள்ள போ," என்றான் சடையன். அவனும் பின்னாலேயே இறங்கினான்.

உள்ளே இருட்டு. காதாயி வேகமாக மூச்சு வாங்கினாள்.

"அண்ணே, வலி வந்துடுச்சு."

"சத்தம் போடாதே தாயி."

அவள் ஒரு வேரைக் கவ்விப் பிடித்துக்கொண்டாள். மேலே சருகு சரசரத்தது. மெல்ல வந்தது அந்தச் சத்தம். மேடு இருந்த இடத்துக்கு வந்ததும் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. கூரையிலிருந்து ஒரு துளி மண் சடையனின் மூக்கில் விழுந்தது. அவன் துடைக்கவில்லை. அந்தக் குளிர்ந்த நாற்றம் வாசல் வழியாக உள்ளே இறங்கியது. சடையன் தன் உடம்பை வாசல் பக்கம் நகர்த்திக் காதாயியை மறைத்துக்கொண்டான். வேறு என்ன செய்வான்? அவன் முதுகிலும் முள் இல்லை.

சருகு மறுபடி சரசரத்தது. இடது பக்கம் போனது. வலது பக்கம் வந்தது. பிறகு தள்ளிப் போனது. இன்னும் தள்ளிப் போனது. குருவிகள் ஓடைக்கு அக்கரையில் கத்தின.

காதாயி வேரை விட்டாள். அப்போதே முதல் குட்டி பிறந்துவிட்டது. பிறகு ஐந்து குட்டிகள் பிறந்தன. ஒன்றும் சத்தம் போடவில்லை. ஆறும் உயிரோடு இருந்தன.

மறுநாள் விடிந்தது. அன்று சடையன் நகம் தேய்க்கவில்லை, வாசல் கூட்டவில்லை. அவன் தோண்டிய வளைகளில் இன்னும் மூன்று வாசல்களில் மேடு நின்றது. உள்ளே குடும்பங்கள் இருந்தன. உண்மையைச் சொன்னால் திட்டுவார்கள். தொழிலே போனாலும் போகும். அவனுக்குப் பயம் இருக்கத்தான் செய்தது. நேராக முதல் வாசலுக்குப் போய் நின்றான்.

"யாரு?" என்று உள்ளிருந்து ஓர் எலி கேட்டது.

"சடையன். வெளிய வாங்க. ஒரு தப்பைச் சொல்லணும். சொல்லிட்டு இந்த மண்ணை அள்ளணும்," என்றான். எலி வெளியே வருவதற்குள் குனிந்து முதல் வாய் மண்ணைக் கவ்விவிட்டான்.

நாலு பேர் கூடும் இடத்துக்குப் போகிறவன் தன் பெருமையை வீட்டில் வைத்துவிட்டுத் தன் பயத்தைக் கொண்டுபோய்க் கேட்க வேண்டும், கேட்டு வந்ததை விடிந்ததும் செய்துவிட வேண்டும்.